மெதுவாக இருப்பது இணையமா, கணினியா?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மயிலாடுதுறை அருகே, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று நீளவாக்கில் அமைந்த பழைய வீட்டில் வசிக்கிறோம். வாசல் அறையில் ஃபைபர் மோடம் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் திட்டம். 2014-இல் வாங்கிய விண்டோஸ் 10 மேசைக் கணினி இரண்டாம் கட்டில், யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வழியாக இணைக்கப்பட்டுள்ளது. ஆன் செய்தால் அது வேலைக்கு வரப் பத்து நிமிடம் ஆகிறது. இரவு நேரத்தில் வீடியோ நின்று நின்று வருகிறது. பேரனின் ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. மின்சாரம் போய் வந்தால் கணினியின் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது; அப்போது வங்கித் தளம் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று காட்டித் திறக்க மறுக்கிறது. 'அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி உள்ளே போய்விடுங்கள்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். திரையின் வலது ஓரத்தில் 'வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்ற அறிவிப்புகளும் வருகின்றன. ஒருமுறை அழைத்தேன், ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொன்னதும் பயந்து வைத்துவிட்டேன். இணைய நிறுவனத்தார் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார். நான் எதைச் செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மையீர், வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நான்கு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. நான்கையும் சேர்த்து 'கணினி சரியில்லை' என்று சொல்லும்போது, கேட்பவர் ஒவ்வொருவரும் தம் கையில் உள்ள மருந்தையே எழுதிக் கொடுக்கிறார். என் கருத்தில், இப்போதைக்கு 300 திட்டமும் வேண்டாம், புதுக் கணினியும் வேண்டாம். எந்தக் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால், ஆகும் செலவு மிகவும் குறைந்துவிடும். அந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையில் பெரும்பகுதியை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம்.

பணத்தோடு தொடர்புடையது என்பதால் அந்த வைரஸ் எச்சரிக்கையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் தொலைபேசியை வைத்தது முற்றிலும் சரி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எச்சரிக்கைச் செய்திகளில் அழைப்பதற்கான தொலைபேசி எண்ணைக் கொடுப்பதில்லை. எண்ணோடு வரும் எச்சரிக்கை எதுவாயினும் அது மோசடி என்றே கொள்ளுங்கள். அவர்கள் இறக்கச் சொல்வது பெரும்பாலும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலிகளே. அவை தம்மளவில் நேர்மையான கருவிகள்தாம். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு அதில் தோன்றும் எண்ணைச் சொல்லிவிட்டால், உங்கள் திரையும் விசைப்பலகையும் அவர் கைக்குப் போய்விடும். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்க வைத்து, ஓடிபி எண்ணையும் பேச்சுவாக்கில் வாங்கிவிடுவார்கள். செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, நீங்கள் அழைத்த நாளை ஒட்டிப் புதிதாக ஏதேனும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீக்கிவிடுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையில் அந்தச் செயலி இறங்கிக் கிடந்தால் அதையும் அழித்துவிடுங்கள். யாருக்காவது கணினிக்குள் நுழைய அனுமதி கொடுத்துவிட்டதாகச் சிறு ஐயம் இருந்தாலும், இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் முடக்குவதற்கான வாய்ப்பு தொடக்க நேரத்தில்தான் அதிகம்.

அந்த அறிவிப்புகள் வருவதால் உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று பொருளில்லை. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்புகளை அனுப்பலாமா' என்று கேட்டபோது, அல்லது 'நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அனுமதியை அழுத்துங்கள்' என்று ஏமாற்றியபோது, வீட்டில் யாரோ அனுமதித்திருக்கிறார்கள். அன்றுமுதல் அந்தத் தளத்தைத் திறக்காவிட்டாலும், குரோம் போன்ற உலாவி அதன் சார்பில் செய்திகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். அவை விண்டோஸே சொல்வதுபோல் தோன்றுவதால்தான் படித்தவர்களும் அஞ்சுகிறார்கள். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய், தள அமைப்புகளுக்குள் அறிவிப்புகள் என்பதைத் திறந்தால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கக் கூடாது என்ற தேர்வையும் அங்கேயே அமைத்துவிடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு முழுச் சோதனை நடத்திப் பார்த்தால் போதும்.

அடுத்தது தேதி. கடிதத்தில் எளிதாகத் தீரக்கூடிய கோளாறும், தவறான ஆலோசனையால் பெரும் கேட்டை விளைவிக்கக்கூடிய கோளாறும் இதுவே. கணினிப் பெட்டிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைச் சற்றே நினைவூட்டும் வட்டமான மின்கலம் ஒன்று பதிந்திருக்கும். சிஆர்2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்த பின்னும் மின்வெட்டின் போதும் கணினியின் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது நம் வீடுகளில் வழக்கம் என்பதால் அதன் ஆயுள் விரைவாகக் குறைகிறது. உங்களுடையது 2014-லிருந்து மாற்றப்படவே இல்லை என்றால் தீர்ந்துபோயிருப்பதில் வியப்பில்லை. தீர்ந்ததும், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் மதர்போர்டில் பதிந்திருக்கும் பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது.

தேதிக்கும் வங்கித் தளத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும், தான் இன்ன நிறுவனத்தின் தளம்தான் என்பதற்குச் சான்றாக ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டுகிறது. அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரைதான் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணினி இது 2014 என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, வங்கியின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்றாக அதற்குத் தெரிகிறது. ஆகவே உலாவி கதவைச் சாத்திவிடுகிறது. தளத்திலும் கோளாறில்லை, இணைய நிறுவனத்திலும் கோளாறில்லை. தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டு உலாவியை மூடித் திறந்தால் தளம் உடனே வந்துவிடும். 'அட்வான்ஸ்டு' வழியாக உள்ளே போகச் சொன்ன ஆலோசனையை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். போலி வங்கித் தளம் ஒன்று உண்மையிலேயே குறுக்கிட்டாலும் இதே எச்சரிக்கைதான் வரும். அதைத் தாண்டிச் செல்லும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் எது உண்மை, எது போலி என்று அறிய வழியிருக்காது.

மின்கலத்தை நீங்களோ பேரனோ மாற்றிவிடலாம். கைக்கடிகாரக் கடைகளிலேயே சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, முதலில் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். மின்கலத்தின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை நகத்தால் மெல்ல விலக்கினால் அது தானே மேலெழும்பும். புதியதை, எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள பக்கம் மேலே தெரியுமாறு வைத்து அழுத்த வேண்டும். கணினியை மீண்டும் இயக்கியதும் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரை வரக்கூடும்; அஞ்ச வேண்டாம், தேதியை ஒருமுறை அமைத்துவிட்டால் அது போய்விடும்.

இனி இணைய வேகம். 300 எம்பிபிஎஸ் திட்டம் உங்களுக்கு ஏன் பயன்படாது என்பதை நீங்களே சோதித்து அறியலாம். இரவு, வீடியோ தடுமாறும் அதே நேரத்தில், கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் அறையில் மோடத்துக்கு அருகே நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, வேகம் அளக்கும் தளம் எதிலாவது பாருங்கள். பிறகு அதே கைப்பேசியோடு இரண்டாம் கட்டுக்கு நடந்துசென்று கணினி மேசையருகே மீண்டும் அளந்து பாருங்கள். வாசலில் 90-க்கு மேல் காட்டி, உள்ளே பத்தாகவோ ஐந்தாகவோ குறைந்தால், நிறுவனம் வாசல்வரை ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுக்கிறது. இடையில் உள்ள சுவர்களே அதைத் தின்றுவிடுகின்றன. வாசலில் கிடைப்பதை 300 ஆக்கினாலும் சுவர்கள் அதே சுவர்கள்தாம். ஹெச்டி வீடியோவுக்கு ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ் இடைவிடாமல் கிடைத்தால் போதும். ஆன்லைன் வகுப்புக்கு அதற்கும் குறைவே போதும் என்றாலும், சில நொடித் தடங்கலையும் அதனால் தாங்க முடியாது. உங்கள் தேவை கூடுதல் வேகம் அன்று, அறுபடாத வேகம்.

பழைய வீட்டின் கனத்த செங்கற் சுவர்களுக்கும் வைஃபைக்கும் ஒத்துவருவதே இல்லை. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு கடக்கும். ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே வரிசையில்தான் நெருக்கியடிக்கின்றன. அண்டை வீடுகள் அனைத்தும் இணையத்தைப் பயன்படுத்தும் இரவு நேரத்தில் உங்களுக்குத் தடை வருவதற்கு இந்த நெருக்கடியே காரணமாக இருக்கக்கூடும். அந்தச் சிறிய டாங்கிள்களில் பல 2.4 மட்டுமே அறிந்தவை; அதிலும், கணினிப் பெட்டியின் பின்புறம், தரையை ஒட்டி, உலோகத் தகட்டின் மறைவில் செருகியிருந்தால் அது பாதிக் குருடாகிவிடுகிறது. ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். இன்றே செய்யக்கூடிய இந்தச் சிறு மாற்றத்திலேயே வேறுபாடு தெரியலாம்.

நிலையான தீர்வு கம்பிதான். வாசல் அறையிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு கேட்-6 லேன் கேபிளை இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் செல்லும் என்பதால் எவ்வளவு நீளமான வீடும் இதற்குள் அடங்கிவிடும். வாங்கும்போது உள்ளிருப்பது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான வகை நாளடைவில் ஒடிந்தும் துருவேறியும் தொல்லை தரும். மின்சார ஒயர் போகும் அதே குழாய்க்குள் இதைச் செருகவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் எளிது கருதி அப்படிச் செய்வதுண்டு. அது பாதுகாப்பும் அன்று, வேகத்துக்கும் நல்லதன்று.

கேபிளின் மறுமுனையைக் கணினியில் நேரடியாகச் செருகலாம். உள்ளே கைப்பேசிகளுக்கும் வைஃபை வேண்டும் என்றால், அங்கே இரண்டாவதாக ஒரு ரவுட்டரை வைத்து அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் முறை) மாற்றி, முதல் ரவுட்டரான வாசல் மோடத்தின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் நடக்கும்போது கைப்பேசி தானாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டராக இருந்தால், அதன் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்பதை நிறுத்தி, கேபிளை வான் (WAN) என்று எழுதிய துளையில் அல்லாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருகினால் அதே பயன் கிடைக்கும். கடையில் 'ரிப்பீட்டர் வாங்குங்கள், கம்பியே வேண்டாம்' என்பார்கள். வைஃபை சிக்னலை ஒரே ரேடியோ பாகத்தால் வாங்கி அதே பாகத்தால் திருப்பிக் கொடுக்கும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாங்கும் இடத்திலேயே சிக்னல் மெலிந்திருந்தால் மெலிந்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். உங்கள் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

300 திட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மேசைக் கணினிகள் பலவற்றில் லேன் துளையின் உச்ச வேகமே 100 எம்பிபிஎஸ்தான். கேபிளைச் செருகியபின் செட்டிங்ஸில் ஈதர்நெட் என்ற கம்பி இணைப்பின் விவரங்களைத் திறந்து, இணைப்பு வேகம் என்பதன் எதிரே 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100 என்று இருந்தால், நீங்கள் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அந்தக் கணினி 95-க்கு மேல் காணப்போவதில்லை.

வாசலிலேயே வேகம் குறைவாக இருந்தால் கதை வேறு. அப்போதுதான் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். மோடத்தில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, புகார் செய்வதுதான் வழி. அதற்குமுன் மோடத்துக்குப் பின்னால் அந்த மெல்லிய கம்பி எங்கேனும் கூர்மையாக மடங்கியோ பீரோவுக்கு அடியில் நசுங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர். விளக்குகள் சரியாக இருந்தும் இணைப்பு அறுந்தால், கேபிளில் இணைத்த கணினியில் இரண்டு கமாண்ட் சாளரங்களைத் திறந்து, ஒரு முகவரியிலிருந்து விடை வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் ஓடவிடுங்கள். கட்டளையின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். ரவுட்டரின் விடை ஒன்றிரண்டு மில்லி நொடியில் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, வெளி முகவரிக்கு மட்டும் விடை வராமல் போனால் கோளாறு வீட்டுக்கு வெளியே. அந்தத் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். 'நெட் ஸ்லோ' என்ற புகாருக்கு 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்பதே விடையாக வரும்; இப்படி ஓர் ஆதாரத்தோடு கேட்டால் ஆள் அனுப்புவார்கள்.

மின்சாரம் ஒரு நொடி துடித்தாலும் மோடம் அணைந்து, மறுபடி எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வகுப்பு நடுவே அறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை, மோடத்தின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளுக்குப் பொருந்துமாறு பார்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பத்து நிமிடத் தாமதம். கணினி மெதுவாக இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்பதன் கீழ் நூறு விழுக்காடு என்றே நெடுநேரம் நின்றால், உங்கள் கணினியைப் பிடித்து இழுப்பது பழைய ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டின்மேல் ஊசி ஓடித் தேடி எடுக்கும் அந்த முறையில், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி நொடி அளவுக்கு ஆகிறது. அசையும் பாகமே இல்லாத புதுவகைச் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் அது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பழைய டிஸ்க்கின் இடத்தில் சாட்டா என்ற இணைப்பு வகையில் ஓர் எஸ்எஸ்டி மாற்றி, தற்காலிக நினைவகமான ரேம் 4 ஜிபி மட்டுமே இருந்தால் அதை 8 ஆக்கினால், ஒரு நிமிடத்துக்குள் கணினி வேலைக்கு வந்துவிடும். புதுக் கணினி விலையில் இது ஒரு சிறு பகுதியே. பின்னாளில் கணினியை மாற்றினாலும் அந்த எஸ்எஸ்டியை எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கடைக்காரர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்வது முறையாகாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிப்பதாக அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாஃப்ட் பட்டியலிட்ட புதிய தலைமுறை ப்ராசஸரும் வேண்டும். 2014-ஆம் ஆண்டுக் கணினி அதற்குத் தகுதி பெறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வங்கி வேலை செய்யும் கணினியில் அதை நான் விரும்ப மாட்டேன்.

எஸ்எஸ்டி மாற்றும் அதே வேளையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றிவிடுவதே உங்களுக்கு நான் சொல்லும் வழி. அது இலவசம், திருத்தங்கள் தொடர்ந்து வரும், குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ், கடிதம் எழுத லிப்ரே ஆஃபிஸ், தமிழ்99 தட்டச்சு என்று நீங்கள் செய்யும் வேலைகளுக்கு வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், அச்சுப்பொறியும் பேரனின் வகுப்புக்கான கேமராவும் மைக்கும் இயங்குகின்றனவா என்று சோதித்தபின் முடிவெடுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் ஏதேனும் ஒரு மென்பொருளைப் பேரனின் பள்ளி கட்டாயமாகக் கேட்டால், அப்போது புதுக் கணினி வாங்குவது நியாயமான செலவு, அதுவரை தேவையில்லை.

கணினியைக் கடைக்குக் கொடுக்கும் முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் பார்த்துவிடுங்கள். உலாவியில் சேமித்துள்ள வங்கிக் கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கி வாருங்கள். அழித்த கோப்புகளைக்கூட அதிலிருந்து மீட்டெடுக்க முடியும் என்பதால் அது உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதே நல்லது.